அத்தியாயம் 6: லயத்தில் வாசிக்கப்படும் சட்ட இதழ்

ஊவா மாகாணத்தில் சட்டபீடம் இல்லை. பதுளை பசறை வீதியிலிருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கலாம், முகாமைத்துவம் படிக்கலாம். சட்டம் படிக்க முடியாது. மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ பிறந்த பிள்ளை சட்டம் படிக்க ஆசைப்பட்டால் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ போகவேண்டும். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் தேறிப் புதுக்கடைக்குப் போவது இன்னொரு வழி. வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டம் இருக்கிறது. அதைத் தமிழிலேயே படிக்கலாம்.

எந்த வழியில் போனாலும் ஒன்று நடக்கிறது. சட்டம் படித்த பிள்ளை சட்டத்தைப் பற்றி எழுதும்போது கொழும்பில் எழுதுகிறது, கொழும்பிலிருப்பவர்களுக்காக எழுதுகிறது. சேமலாப நிதிக்காக வருடக்கணக்கில் அலைகிறவர்களும், பேர்ப் பிழையால் அலுவலகம் அலுவலகமாகத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களும், எந்தக் காகிதத்தில் கைநாட்டு வைக்கிறோம் என்று தெரியாதவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு அந்த எழுத்து வந்து சேர்வதில்லை.

இந்த அத்தியாயம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கானது. சட்ட மாணவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சட்ட வெளியீட்டுக்குக் கட்டுரை எழுதுபவர் ஒருவர் போதாது. சரிபார்க்க, சிங்களத்தில் எழுத, பக்கம் அமைக்க, கணக்கு வைக்க, கொண்டுபோய்க் கொடுக்க ஆட்கள் வேண்டும். தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவிக்குக் கொழுந்து நிறுப்பதைப் பற்றித் தெரிந்த அளவு கொழும்புச் சட்ட மாணவனுக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து எழுதினால்தான் கட்டுரை உருப்படும்.

முன்னால் நடந்தவர்கள்

தோட்டத் தொழிலாளிக்குச் சட்டத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது புதிய யோசனை அல்ல. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களிலேயே அதைத் தொடங்கிவிட்டார். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாதிருந்த காலத்தில் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போய் லயங்களின் நிலைமையைப் பார்த்தவர் அவர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தினார். தொழிலாளரின் உரிமைகளையும் அவர்களைப் பற்றிய சட்டங்களையும் விளக்கிச் சிறு நூல்கள் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பத்திரிகைப் பணியில் கூட நின்றதோடு, தொழிலாளர் நிலைமையைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விஷயம் போய்ச்சேர வேண்டும் என்பதில் இருவரும் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதை இன்றைய இதழாசிரியர்கள் ஒரு தடவையாவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

மாணவர் இதழ் என்று பார்த்தால், இலங்கைச் சட்டக் கல்லூரியின் சட்ட மாணவர் தமிழ் மன்றம் வெளியிடும் ‘நீதிமுரசு’ நமக்கு மிக நெருங்கிய முன்னுதாரணம். அதே கல்லூரியின் முஸ்லிம் மஜ்லிஸ் ‘மீஸான்’ இதழை வெளியிடுகிறது. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ சட்ட இதழ் அல்ல. ஆனாலும் மாணவர்களே நடத்தும் ஓர் ஆண்டிதழ் எத்தனை தலைமுறை நீடிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. நீதிமுரசின் பழைய இதழ்களை நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் இலவசமாக வாசிக்கலாம். எழுதத் தொடங்குமுன் அவற்றில் நாலைந்தையாவது வாசித்துவிடுங்கள். தமிழில் சட்டம் எழுதுவதற்கு ஒரு நடை ஏற்கெனவே உருவாகியிருப்பதை அவற்றில் காண்பீர்கள்.

அமெரிக்காவில் 1887இல் தொடங்கிய ‘ஹார்வர்ட் லோ ரிவியூ’ இன்றும் மாணவர்களின் கையில்தான் இருக்கிறது. பேராசிரியர்கள் எழுதி அனுப்பும் கட்டுரைகளை மாணவர்கள் தெரிவு செய்கிறார்கள். கட்டுரையிலுள்ள ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தச் சரிபார்க்கும் பழக்கத்தை மட்டுமே. அவர்களுடைய பருமனும் அடிக்குறிப்புக் குவியலும் நமக்கு வேண்டாம்.

நம்முடைய ஆண்டிதழ்களில் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. முதல் பத்துப் பதினைந்து பக்கங்கள் ஆசிச் செய்திக்கும் வாழ்த்துச் செய்திக்கும் போய்விடுகின்றன. படமும் பதவியும் அச்சாகின்றன. ஒரு தொழிலாளி குடும்பத்துக்குப் பயன்படும் ஒரு பக்கத்தைத் தேடினால் கிடைப்பதில்லை. நீங்கள் தொடங்கும் இதழில் வாழ்த்துச் செய்திக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். யார் கோபித்தாலும் சரி.

மன்றத்துக்குள் நுழைதல்

முதலாம் ஆண்டில் எந்த மன்றத்தில் சேர்வது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். சட்ட மாணவராக இருந்தால் உங்கள் பீடத்தின் சட்ட மாணவர் அமைப்பிலும் தமிழ் மன்றத்திலும் சேருங்கள். ஊவா வெல்லஸ்ஸ போன்ற இடத்தில் படித்தால் அங்குள்ள தமிழ் மாணவர் அமைப்பே போதும். ஊர்ப் பெயரில் இயங்கும் மாணவர் ஒன்றியங்களும் உண்டு. அவை பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடப்பதால் மண்டபமும் நிதியும் கிடைக்காது. ஆனால் லீவு நாட்களில் ஊரில் கூடுவதற்கு அவைதான் வசதி.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில் மாணவர் ஒன்றியங்களுக்கும் சங்கங்களுக்கும் என்றே தனிப் பகுதி உண்டு. அதை ஒரு முறை வாசித்துவிட்டு உங்கள் மன்றத்தின் யாப்பையும் வாங்கி வாசியுங்கள். யாப்பைக் கண்ணால் பாராமலே செயற்குழுவில் ஆண்டு முழுக்க இருந்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். இதழ் வெளியிட யாருடைய அனுமதி வேண்டும், பணத்தை யார் கையொப்பமிட்டு எடுக்கலாம், ஆண்டு இறுதியில் கணக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் யாப்பில்தான் இருக்கும். பெரும்பொருளாளர் எப்போதும் ஒரு விரிவுரையாளர். அவருடைய கையொப்பம் இல்லாமல் காசு நகராது. எனவே இதழ் பற்றிய முதல் பேச்சு அவரோடுதான் இருக்க வேண்டும். அச்சகத்தின் விலைக்கோரலைக் கையில் வைத்துக்கொண்டு அவரைச் சந்தியுங்கள். வெறுங்கையோடு போய் ‘சேர், ஒரு சஞ்சிகை அடிக்கப் போகிறோம்’ என்றால் ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

எந்தப் பொறுப்பைக் கேட்பது? தலைவர் பதவியைக் கேட்காதீர்கள். முதலாம் ஆண்டில் அச்சுப்படி திருத்தும் வேலையைக் கேளுங்கள். யாரும் விரும்பாத வேலை அது, கேட்டவுடன் கிடைக்கும். ஒரு சட்டக் கட்டுரையை எழுத்தெழுத்தாகத் திருத்தும்போது, பாடத்தில் மூன்று மாதத்தில் படிப்பதைவிட அதிகம் மனதில் ஏறும். சட்டத்தின் இலக்கமும் ஆண்டும் பொருந்துகின்றனவா, பிரிவு எண் சரியா, வழக்கின் பெயர் ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் இன்னொரு பக்கத்தில் வேறு விதமாகவும் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது. இரண்டாம் ஆண்டில் கட்டுரை எழுதுங்கள். மூன்றாம் ஆண்டில் இதழாசிரியர் பொறுப்புக்கு நில்லுங்கள். இறுதி ஆண்டில் விலகி நின்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

விளம்பரம் இல்லாமல் எந்த இதழும் அச்சேறாது. பதுளை பஜாரில் நகைக்கடை, புத்தகக்கடை, மருந்துக்கடை என்று ஏறி இறங்கினால் கிடைக்கும். தோட்டக் கம்பனிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் வாங்காமலிருப்பது நல்லது என்பது என் கருத்து. அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல காரணம். சம்பளத்தையும் சந்தாவையும் பற்றி எழுதப்போகும் இதழ் இரு பக்கத்தாருக்கும் கடமைப்படாமல் இருக்க வேண்டும். அட்டையின் பின்புறத்தில் ஒரு சங்கத்தின் சின்னம் இருந்தால், மற்றச் சங்கத்துக்காரர் வீட்டில் அந்த இதழ் திறக்கப்படாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு சம்பளச் சீட்டிலிருந்து ஓர் இதழ்

எதைப் பற்றி எழுதுவது? அரசியலமைப்பின் தத்துவம், சர்வதேசச் சட்டம் என்று தலைப்புத் தேட வேண்டாம். உங்கள் அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ போன மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதை மேசையில் விரித்து வைத்து வரி வரியாகப் படியுங்கள். ஓர் இதழுக்கு வேண்டிய எல்லாத் தலைப்பும் அதிலேயே கிடைக்கும்.

முதலில் பேர்க் கணக்கு, அதாவது நாள்வேலைக் கணக்கு. மாதத்தில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எத்தனை அரைப் பேர், மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு. நாட்சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தில் போய் நிற்பீர்கள். நெடுங்காலம் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் இரண்டு ஆண்டுக்கொரு முறை கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தமே தோட்டச் சம்பளத்தைத் தீர்மானித்தது. 2021இல் 1,000 ரூபா சம்பளச் சபை மூலம் வர்த்தமானியில் வந்தபோது அந்த முறை மாறியது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1,700 ரூபா அறிவிப்பும் வழக்கில் சிக்கியது. இந்த வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாலே, பிரட்டுக்களத்தில் நடக்கும் பாதி வாக்குவாதத்துக்கு ஆதாரத்தோடு பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது கழிவுகள். சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோயில் என்று வரிசையாக வரும். எந்தக் கழிவுக்குச் சட்டத்தில் இடமுண்டு, எதற்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பது அதே கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கழிவையும் எடுத்து அதற்குரிய பிரிவோடு பொருத்துங்கள். உங்கள் முதல் கட்டுரை இதுவாக இருக்கட்டும்.

சேமலாப நிதிக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். தோட்டம் தன் பங்குக்கு 12 வீதம் சேர்க்க வேண்டும். நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் தோட்டமே கட்ட வேண்டும். அதைத் தொழிலாளியிடம் கழிக்கக் கூடாது. நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்துக்கொண்டால், ஒரு பேருக்கு 108 ரூபா கழிகிறது, 162 ரூபா சேர்கிறது, இன்னும் 40 ரூபா 50 சதம் நம்பிக்கை நிதிக்குப் போகிறது. இப்படிக் கணக்காக எழுதினால் லயத்தில் எல்லோருக்கும் விளங்கும். ‘சமூகப் பாதுகாப்புச் சட்டகத்தின் போதாமைகள்’ என்று தலைப்பிட்டால் முதல் வரியிலேயே வாசகர் போய்விடுவார்.

சர்விஸ் காசு பற்றி எழுதும்போது இன்னும் நிதானம் வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்கு அது உரியது. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு ஆண்டுச் சேவைக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி 14 நாள் சம்பளம். 28 ஆண்டு கொழுந்தெடுத்த ஒருவருக்கு அதே 1,350 ரூபாக் கணக்கில் 392 நாள் சம்பளம், அதாவது 5,29,200 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும்; தாமதித்தால் மேலதிகக் கட்டணம் சேர வேண்டும். இந்தக் கணக்கை ஒரு பெட்டிச் செய்தியாக, பெரிய எழுத்தில் போடுங்கள். அறுபதைத் தொட்டவர்கள் இருக்கும் வீட்டில் அந்தப் பக்கம் கிழித்தெடுக்கப்பட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைக்கப்படும்.

கடைசியாக, சீட்டின் தலைப்பில் உள்ள பெயர். தோட்டத்தின் வரவுப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பெயர். இராமாயி, ராமாய், ராமையா என்று சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் எழுத்து மாறி மாறி வந்து, உழைத்து முடித்த காசை வாங்க வரும்போது ஆளே வேறு என்றாகிவிடுகிறது. பெயர்த் திருத்தத்துக்கு எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம், என்னென்ன ஆவணங்கள் என்று படிப்படியாக எழுதப்பட்ட நாலு பக்கம் தமிழில் இருந்தால், ஊவாவில் அதைவிட அதிகம் தேடப்படும் சட்ட வெளியீடு வேறு இருக்காது. அந்த நாலு பக்கத்தை எழுத ஒரு மாணவருக்கு வேண்டியது பதுளைக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் சில தடவை நடக்கும் பொறுமை மட்டும்தான்.

சீட்டுக்கு வெளியிலும் தலைப்புகள் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ‘தோட்ட ரோட்டுக்கு நாங்கள் காசு ஒதுக்க ஏலாது’ என்று ஒரு சபையில் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று அந்தப் பகுதி மக்களுக்குத் தெரிய வேண்டும். குடியுரிமை பற்றி எழுதுவதானால் 1948இன் 18ஆம் இலக்கச் சட்டத்தில் தொடங்கி 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை வரலாம். இடையில் 1964 ஒக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். வாக்குரிமை வழக்கான கோடகன்பிள்ளை எதிர் முதநாயக்கவில் 1953இல் பிரிவிக் கவுன்சில் சொன்ன தீர்ப்பைத் தமிழில் சுருக்கி எழுதுவது ஒரு சட்ட மாணவருக்கு அருமையான பயிற்சி. நடந்தது என்ன, கேட்கப்பட்ட கேள்வி என்ன, நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன் சொன்னது, அதன் பிறகு தோட்டத்தில் என்ன ஆனது என்ற ஒழுங்கில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை சட்ட அறிக்கைகளில் இருக்காது. உங்கள் தாத்தா பாட்டியிடம் இருக்கும்.

மூலம், சரிபார்ப்பு, எல்லை

சட்டத்தைப் பத்திரிகைச் செய்தியிலிருந்து எழுதாதீர்கள். சட்டத்தின் மூலப் பிரதியை எடுங்கள், பிறகு அதற்கு வந்த திருத்தங்களை எல்லாம் எடுங்கள், அதன் பிறகு வர்த்தமானியைப் பாருங்கள். தாய்மை நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டுக்குரியது; 2018இல் வந்த திருத்தத்தைப் பாராமல் எழுதினால், மூன்றாவது பிள்ளைக்குக் குறைந்த நாள்தான் லீவு என்று பழைய கதையை அச்சிட்டுவிடுவீர்கள். அதை நம்பி ஒரு பெண் லீவை இழக்கக்கூடும்.

இன்னொரு விஷயம் சட்ட மாணவர்களே பலர் கவனிப்பதில்லை. நமது சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டினால், சிங்கள, தமிழ்ப் பிரதிகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று எழுதியிருக்கும். ஆகவே தமிழ்ப் பிரதியை மட்டும் வைத்து முக்கியமான எதையும் முடிவாக எழுத வேண்டாம். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் ஆசிரியர் குழுவில் இருந்தே ஆகவேண்டும். பதுளையில் படிக்கும் சிங்கள நண்பர்களைக் கேட்டால் மகிழ்ச்சியோடு வருவார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தேயிலைத் தோட்டத்தை அண்டிய கிராமத்துப் பிள்ளைகள்.

சட்டப் பிரதிகளை அப்படியே மறுபதிப்பதில் பதிப்புரிமைச் சிக்கல் கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்டவாக்க, நிர்வாக, நீதி சார்ந்த உத்தியோகபூர்வப் பிரதிகளையும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளையும் பதிப்புரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆனால் அவற்றுக்கு ஒருவர் எழுதிய விளக்கம் அவருடையது; கேட்டுத்தான் போட வேண்டும்.

கட்டுரை முடிந்ததும் ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பதுளை நீதிமன்ற வளாகத்தில் இளைய தமிழ்ச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையமும் இருக்கிறது. மாலையில், வழக்குகள் முடிந்த நேரத்தில் போங்கள். சரிபார்த்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும், எந்தத் திகதி வரையிலான சட்டம் இது என்பதையும் கட்டுரையின் அடியில் போடுங்கள். அந்தத் திகதி இல்லாத சட்டக் கட்டுரையை வெளியிடவே வெளியிடாதீர்கள்.

மாணவர் மன்றத்துக்கு எல்லை உண்டு. பொதுவாகச் சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதலாம். ‘உங்கள் வழக்கில் இப்படிச் செய்யுங்கள்’ என்று ஆலோசனை சொல்லக் கூடாது. அது சட்டத்தரணியின் வேலை. லயத்தில் உங்களைச் சுற்றி நின்று ‘தம்பி, நீ சட்டம் படிக்கிறியே, இத கொஞ்சம் பாரு’ என்று காகிதத்தை நீட்டுவார்கள். மனம் இளகும். அப்போது வாசித்துச் சொல்லுங்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வேலைநீக்கம் பற்றிய விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் போட வேண்டும். உங்கள் தவறான யோசனையைக் கேட்டு ஒருவர் காத்திருந்து அந்தக் காலக்கெடு தவறிவிட்டால், அதைத் திருத்த யாராலும் முடியாது.

நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிக் கருத்து எழுதாதீர்கள். தொழிலாளியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்து அச்சிடுமுன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் தந்தாலும், அவருக்குப் பின்னால் தொல்லை வருமா என்று நீங்களே ஒரு தரம் யோசியுங்கள். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது உண்மை. நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

அச்சுக்குப் போகுமுன் கடைசிப் பரிசோதனை ஒன்று. கட்டுரையை லயத்துக்கு எடுத்துச்சென்று, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். விளங்காவிட்டால் குறை வாசிப்பவரிடம் இல்லை.

தகவல் கேட்டு எழுதுதல்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. அது மக்கள் கையில் ஒரு வலுவான ஆவணமாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி ஊவாவில் பிறந்த எவருக்கும் நெஞ்சில் முள்ளாக நிற்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவில் உயிர்களை இழந்தது.

இன்று நம் கையில் ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பிரஜையும் அரச நிறுவனம் ஒன்றிடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு; அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம்.

மாணவர் இதழுக்கு இதைவிட நல்ல செய்தி ஊற்று இல்லை. ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் லயங்கள் எந்த ஆபத்து வகையில் இருக்கின்றன என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள். மாற்றுக் காணி எங்கே அடையாளம் காணப்பட்டது, எத்தனை குடும்பத்துக்கு, வேலை எந்த நிலையில் என்று பிரதேச செயலகத்திடம் கேளுங்கள். கேள்வி குறுகியதாக, ஒரு கடிதத்தில் ஒரு விஷயமாக இருக்கட்டும். ‘தோட்ட மக்களுக்கு என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் பதிலும் அதே மாதிரி வரும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. எனவே தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். கடிதம் கொடுத்த திகதியோடு பெற்றுக்கொண்ட சான்றையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பதில் வந்தால் அதை அப்படியே இதழில் பிரசுரியுங்கள். வராவிட்டால், எந்தத் திகதியில் கேட்டோம், எந்தத் திகதி வரை பதில் இல்லை என்பதைப் பிரசுரியுங்கள். கோபமான தலையங்கம் தேவைப்படாது.

அச்சும் கையளிப்பும்

எட்டுப் பக்கம் போதும். வருடத்துக்கு ஒரு தடித்த மலரைவிட மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் எட்டுப் பக்கம் பயனுள்ளது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். லயத்தின் வெளிச்சத்தில், கண்ணாடி இல்லாத கண்கள் வாசிக்க வேண்டும். தொடர்ந்து வரும் வெளியீடு என்றால் தொடர் வெளியீட்டு எண் பெற்றுக்கொள்ளுங்கள். 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டப்படி அரசுக்குச் சேர வேண்டிய பிரதிகளை அச்சகம் அனுப்புகிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். நூலக நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். மலையகத்து வெளியீடுகள் எத்தனையோ ஒரு பிரதியும் மிஞ்சாமல் அழிந்திருக்கின்றன.

விநியோகத்துக்குச் சம்பள நாளைத் தெரிவு செய்யுங்கள். அன்று கையில் சீட்டு இருக்கும், மனதில் கேள்வி இருக்கும். பாடசாலை ஆசிரியர்கள், தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், முன்பள்ளி ஆசிரியைகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று. பதுளை சரஸ்வதிக் கல்லூரி போன்ற பாடசாலைகளின் உயர்தர வகுப்புகளுக்கும் கொடுங்கள். அடுத்த சட்ட மாணவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். காகிதம்தான் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் மேசையில் வைக்கக்கூடியது.

சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வகைசெய்த ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. தமிழில் சட்டம் படிக்கும் வழி அதனால் திறந்தபடி இருக்கிறது. ஆனால் தமிழில் சட்டம் எழுதுவோர் இல்லாவிட்டால் தமிழில் படிப்போருக்கு நூல் இருக்காது. அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு உங்களுடையது.

மாணவர் இதழ்கள் நின்றுபோவதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் கையளிப்பு நடக்காததுதான். இதழாசிரியர் பட்டம் பெற்றுப் போகும்போது கடவுச்சொல்லும் கணக்குப் புத்தகமும் சட்டத்தரணியின் தொலைபேசி எண்ணும் அவரோடு போய்விடுகின்றன. ஆண்டின் நடுவிலேயே அடுத்த ஆசிரியரைத் தெரிவு செய்து, கடைசி இரண்டு இதழ்களை இருவர் பெயரிலும் வெளியிடுங்கள். தகவல் கோரிய கடிதங்களின் கோப்பையும் விநியோகப் பட்டியலையும் எழுத்தில் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குங்கள். வரும் லீவில் வீட்டுக்குப் போகும்போது ஒரு சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி அன்றிரவே வேலையைத் தொடங்குங்கள். முதல் இதழுக்கு அது போதும்.